இசை கேட்டால் ஏன் எங்காவது கிளம்பத் தோன்றுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி பஸ் நிலையத்தை ஒட்டிய ஒரு சந்தில் பதினாறு வருடம் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தேன். பாட்டுப் பட்டியலை எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிடமா, தொண்ணூறா என்று கேட்டுப் பதிந்து கொடுப்பேன். கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி.யும் போனது, கடையை மூடினேன். கேட்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் பாய் விரித்து உட்கார்ந்து, சொல்லில்லாத மெதுவான இசையைக் கேட்கிறோம். முடிந்ததும் யாராவது ஒருவர், "எங்கேயாவது போகவேண்டும் போலிருக்கிறது, அண்ணா" என்பார். அதைத் தொடர்ந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. ஒவ்வொரு முறையும் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

சூழல் இசை என்று எதைச் சொல்கிறீர்கள்?

மெட்டை முன்னே நிறுத்திக் கைதட்டல் கேட்காமல், ஊதுபத்திப் புகைபோல இடம் முழுக்கப் பரவி நிற்கிற இசையை. 1917-இல் பிரெஞ்சுக்காரர் எரிக் சாட்டி 'மேசை நாற்காலி இசை' என்று ஒன்றை எழுதினார். அறையில் நாற்காலி கிடப்பதைப்போல இசையும் கிடக்கட்டும், யாரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்பது அவர் எண்ணம். 1978-இல் இங்கிலாந்தின் பிரையன் ஈனோ விமான நிலையங்களுக்கென்றே ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். 'ஆம்பியன்ட்' என்ற பெயர் அதிலிருந்துதான் பரவியது. கவனித்துக் கேட்டாலும் தாங்கவேண்டும், கவனிக்காமல் விட்டாலும் கோபித்துக்கொள்ளக்கூடாது என்பது அவர் வைத்த இலக்கணம். இந்த வகை இசைக்குப் பெயர் பரவியதே பயணிகள் காத்திருக்கும் கூடத்துக்கான இசைத்தட்டிலிருந்துதான் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

நமக்குப் பழக்கமான உதாரணம் வேண்டுமென்றால், கச்சேரி தொடங்குமுன் தம்புரா மட்டும் ஒலிக்கிற அந்த இரண்டு நிமிடம். பல கச்சேரிகளில் எனக்கு அதுவே சிறந்த பகுதி. வித்துவான்கள் மன்னிக்கவேண்டும்.

சொல்லும் இல்லை, ஊர்ப்பெயரும் இல்லை. பிறகு எப்படி ஓர் இடம் கண்முன் வருகிறது?

கிருஷ்ணகிரியில் கோட்டை மலைக்கு எதிரே, கொஞ்சம் ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. பாறை 170 மீட்டர் தள்ளி இருந்தால், நீங்கள் தட்டியதை ஒரு நொடி கழித்துத் திருப்பிக் கொடுக்கும். 17 மீட்டருக்குள் இருந்தால் எதிரொலி தனியாகப் பிரிந்து கேட்காது. தட்டிய ஒலியோடு ஒட்டிக்கொண்டு அதைக் கனக்கச் செய்யும். இந்தக் கணக்கைக் காது பள்ளிக்கூடம் போகாமலே கற்றிருக்கிறது. போனில் பேசுகிறவர் குளியலறையில் இருக்கிறாரா, கல்யாண மண்டபத்தில் இருக்கிறாரா என்பதை அவர் சொல்லாமலே நீங்கள் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒலி காற்றில் நெடுந்தூரம் வரும்போது அதன் கூர்மையான பகுதிதான் முதலில் தேய்கிறது. கனத்த பகுதி வந்து சேர்கிறது. பக்கத்துக் கிராமத்தில் பாரதக் கூத்து நடக்கும் இரவுகளை நினைத்துப் பாருங்கள். மேடைக்கு அருகே உட்கார்ந்தால் முகவீணைக் குழல் காதைத் துளைக்கும், தாளம் கணீரென்று அடிக்கும். அதே கூத்தை இரண்டு மைல் தள்ளி உங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு கேட்டால் மத்தளத்தின் கனம் மட்டும் நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து விழும். பகலில் கேட்காத அந்தத் தூரம் இரவில் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. பொழுது சாய்ந்தபின் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ளது சூடாக இருக்கும். மேலே ஏறும் ஒலி அங்கே வளைந்து மறுபடி கீழே இறங்குகிறது.

ஒலிப்பதிவுக்காரர்கள் இந்த இரண்டையும் தெரிந்து செய்கிறார்கள். எதிரொலிப்பை நீட்டுகிறார்கள், கூர்மையைக் குறைக்கிறார்கள். குழல் வாசித்தவர் எட்டடிக்குப் பத்தடி அறையில், நான்கு பக்கமும் பஞ்சு ஒட்டிய சுவருக்குள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்கிற நமக்கோ இரண்டு மலைக்கு நடுவே பனி இறங்குகிறது.

ஆகவே நான் சொல்வது இதுதான்: இந்த இசையில் ஊர் இல்லை, தொலைவுதான் இருக்கிறது. அந்தத் தொலைவின் கோடியில் ஓர் ஊரை நட்டு வைப்பது நாம்.

வாழ்நாளில் பார்க்காத இடத்துக்கு ஏக்கம் வருவது இயற்கைதானா?

பழைய நோய். காளிதாசனின் சாகுந்தலத்தில் ஐந்தாம் அங்கத்தில், அரண்மனைக்குள் ஒரு பெண் பாடுவது துஷ்யந்தன் காதில் விழுகிறது. அவனுக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தும் மனம் கலங்குகிறது. இன்பமாக இருப்பவன்கூட அழகானதைக் கண்டு, இனிய ஒலியைக் கேட்டு ஏங்குகிறான் என்றால், அறியாமலே முந்தைய பிறவியின் உறவுகளை அவன் நினைக்கிறான் போலும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறான். பார்வையாளர்களான நமக்குத் தெரியும், அவன் மறந்தது முந்தைய பிறவியை அல்ல, இந்தப் பிறவியின் சகுந்தலையை. இசை நினைவைத் தட்டும், எந்த நினைவு என்று சொல்லாது. இதைவிடச் சரியாக எவரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

உளவியலார் இதை வேறு மொழியில் சொல்கிறார்கள். சுவீடனைச் சேர்ந்த யூஸ்லினும் வெஸ்ட்ஃபியலும் 2008-இல், இசை உணர்ச்சியை எழுப்பும் வழிகள் என்று ஆறு வழிகளைக் குறித்தார்கள். அவற்றில் ஒன்று மனக்காட்சி, இன்னொன்று சொந்த வாழ்வின் நினைவு. இரண்டும் கலந்துவிடுவதுதான் நம் மொட்டைமாடியில் நடக்கிறது என்று நினைக்கிறேன். நார்வே என்று கண்ணில் வருகிற பனிமூட்டத்தைக் கொஞ்சம் கிளறினால், சிறுவயதில் தளி பக்கம் மாமா வீட்டில் பார்த்த மார்கழி விடியற்காலை இருக்கும்.

ஜாவா தீவின் கேமலன் குழு 1889-இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது. வெண்கலத் தாளக்கருவிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அலையடிக்கும் இசை அது. அதைக் கேட்ட இளம் பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுசி அதிலிருந்து கடைசிவரை மீளவில்லை. அவருடைய பியானோவில் அந்த வெண்கலம் ஒலித்துக்கொண்டே இருந்தது. அவர் ஜாவாவுக்குப் போனதே கிடையாது.

ஐந்து சுரம் கேட்டாலே 'ஜப்பான்' என்கிறார்கள். அப்படி ஒரு சுரவரிசைக்கு ஓர் ஊர் உண்டா?

இல்லை. நம் மோகனத்தின் ஐந்து சுரம் சீனத்திலும் இருக்கிறது, ஸ்காட்லாந்து நாட்டுப்பாடலிலும் இருக்கிறது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் வரும் முல்லைத் தீம்பாணி மோகனமே என்று இசை ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மாடு மேய்த்தவர்கள் பாட்டை வைத்துக்கொண்டு சீனாவுக்கு டிக்கெட் எடுக்கலாம் என்றால் எடுங்கள்.

ஊர் இருப்பது கருவியின் உடம்பில். ஆர்மீனியாவின் துதுக் குழலைச் சர்க்கரைப் பாதாமி மரத்தில் செய்கிறார்கள். ஒருவர் வாசிக்க இன்னொருவர் மூச்சு விடாமல் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பார். ராஜஸ்தானின் மாங்கணியார் என்ற இசைக்கலைஞர் சமூகத்தார் இசைக்கும் கமாய்ச்சா என்ற வில்வாத்தியத்தை மாமரத்தில் குடைந்து ஆட்டுத்தோல் போர்த்துகிறார்கள். மாமரம் என்றதும் கிருஷ்ணகிரிக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நம் தோப்பு மரத்தில் இப்படி ஓர் ஒலி ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மற்றபடி பாலைவனத்துக்கு ஒரு குழல், மலைக்கு ஒரு கோரஸ் என்று நாம் பழகியதில் பாதி சினிமா சொல்லிக்கொடுத்தது.

கேட்டுவிட்டு நீங்கள் உண்மையில் எங்காவது போனதுண்டா?

போனேன். கடையை மூடிய வருடம், கையில் கொஞ்சம் பணமும் நிறைய நேரமும் இருந்தன. மேலே சொன்ன கமாய்ச்சாதான் இழுத்தது. பெங்களூரிலிருந்து ஜோத்பூர், அங்கிருந்து ஜெய்சால்மர். ரயிலில் இரண்டு இரவும் கேசட்டைக் கேட்டுக்கொண்டே போனேன். பேட்டரி மட்டும் ஆறு வாங்கினேன்.

சாம் மணல்மேட்டில் கூடாரம் போட்டிருந்தார்கள். அந்தி சாய்ந்ததும் ஒலிபெருக்கி வைத்து, பம்பாயிலிருந்து வந்திருந்த ஒரு கூட்டத்துக்காகச் சினிமாப் பாட்டு. கமாய்ச்சாக்காரர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்கிற பாட்டை வாசித்தால்தான் அவருக்குக் காசு. பின்னால் ஜெனரேட்டர். மூன்று நாள் இருந்தேன். கேசட்டில் கேட்ட அந்த அகலம் எங்கும் இல்லை. யாரையும் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் பிழைக்கவேண்டும்.

நான் எதிர்பார்க்காதது ஊர் திரும்பியபின் நடந்தது. பத்து நாள் கழித்து, சமையலறையில் மனைவி தாளித்துக்கொண்டிருந்தபோது அதே கேசட்டைப் போட்டேன். அதே ஏக்கம், ஒரு துளிகூடக் குறையாமல் வந்து நின்றது. ஆனால் இப்போது அது ஜெய்சால்மருக்கான ஏக்கம் இல்லை. ஜெய்சால்மரை எனக்குத்தான் தெரியுமே. அதற்கு அப்பால் ஏதோ ஒன்றுக்கு. ஊர் வந்து சேர்ந்துவிட்டது, தொலைவு தள்ளிப்போய்விட்டது. போனது வீண் என்று மனைவி சொல்வாள். இந்த ஒரு சங்கதி தெரிந்துகொள்ள ரயில் கட்டணம் அதிகமில்லை என்பது என் கட்சி.

அப்படியானால் ஏக்கம் வந்ததும் டிக்கெட் எடுக்கலாமா, கூடாதா?

எடுங்கள். இரவு பதினோரு மணிக்கு எடுக்காதீர்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு, மின்கட்டண ரசீது கையில் இருக்கும்போது அதே இசையைக் கேட்டு, அப்போதும் கால் நிற்கவில்லையென்றால் எடுங்கள்.

பஸ்ஸிலும் காரிலும் கேட்கலாமா?

வண்டி ஓட்டுகிறவர் கேட்கக்கூடாது. அதுவும் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் வேண்டவே வேண்டாம். எத்தனை விபத்து நடந்த இடம் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சன்னலோர இருக்கைக்காரர் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் புதிய ஊருக்குள் நுழைந்ததும் காதிலிருந்து கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எடுத்துப்போன இசைக்கு அந்த ஊர் பின்னணிப் படமாக ஓடிவிடும். ஊரின் ஒலி எதுவென்று தெரியாமலே திரும்புவீர்கள். ஜோத்பூர்வரை நான் செய்த தவறு அதுதான்.

நம் மாவட்டங்களின் ஒலியைக் கேட்டு வெளியூர்க்காரர் யாராவது இங்கே வர ஏங்குவாரா?

இந்தக் கேள்வி வந்தால் அன்றிரவு எனக்குத் தூக்கம் போய்விடும்.

முதலில் தொல்காப்பியம். ஒரு நிலத்தின் கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்திருக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, பாலைக்குத் துடி என்று உரைகள் விரிக்கும். கேமலன் ஜாவாவைச் சொல்கிறது, துதுக் ஆர்மீனியாவைச் சொல்கிறது என்று இன்று பேசுகிறோம். நிலத்துக்கு அதன் மரத்தைப்போல அதன் ஒலியும் முளைக்கிறது என்று இங்கே எப்போதோ எழுதிவைத்துவிட்டார்கள்.

அடுத்து மலைபடுகடாம் என்ற சங்கப் பாட்டு. ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை வழியாகத் திருவண்ணாமலை போகிற சாலையில் வருமே செங்கம், அதுதான் அதன் பாட்டுடைத் தலைவன் நன்னனின் செங்கண்மா. பாட்டு மொத்தம் 583 அடி. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் எதிரே வருகிற கூத்தர்களுக்கு வழி சொல்கிறான். அவர்கள் தோளில் முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று மூட்டை மூட்டையாக வாத்தியம். வழி எப்படிச் சொல்கிறான்? மலையில் இன்னின்ன ஒலி கேட்பீர்கள் என்று அடுக்குகிறான். அருவியின் ஓசை. தேன் எடுப்பவர்களின் ஆரவாரம். தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு. கரும்பாலைச் சத்தம். புலி பாய்ந்து கிழித்த கணவன் மார்புப் புண் ஆற வேண்டுமென்று குறத்தி பாடும் பாட்டு. மலையை யானையாகவும் இந்த ஒலிகளையெல்லாம் அதன் மதமாகவும் வைத்துத்தான் பாட்டுக்கே மலைபடுகடாம் என்று பெயர். போகாத ஊருக்கு ஒலியால் ஆள் இழுக்கும் வேலையை, நம் எல்லையிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், பெருங்கௌசிகனார் எப்போதோ முடித்துவிட்டார்.

இன்றைக்கு எது இழுக்கும் என்றால், ஒகேனக்கல் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. நேரில் பரிசலில் உட்கார்ந்து கேட்டால் உடம்பே அதிரும், உண்மை. பதிவில் கேட்டால் எண்ணெய்ச் சட்டியில் வடை பொரிவதுபோல இருக்கிறது. அருவியில் எல்லாச் சுருதியும் ஒன்றாகக் கலந்து விழுவதால் சின்ன ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சலே மிஞ்சுகிறது. அதன் பெயரே கன்னடத்தில் புகையும் பாறை என்று கண்ணுக்குத்தான் வைத்திருக்கிறார்கள், காதுக்கு வைக்கவில்லை. என் ஓட்டு, தூரத்து இரவில் கேட்கிற பம்பைக்கும் உடுக்கைக்கும். காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

நான் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறேன். ஊர்ச் சத்தம் கேட்டால் எனக்குப் போகத் தோன்றவில்லை, திரும்பத் தோன்றுகிறது. இது வேறு நோயா?

அதே நோயின் மறுபுறம். 1688-இல் ஜோகானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்தவர்களின் வாட்டத்துக்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் உண்டாக்கினார். கிரேக்கத்தில் திரும்புதல், வலி என்ற இரண்டு சொற்களின் ஒட்டு. அயல்நாட்டுப் படைகளில் கூலிக்குப் போன சுவிட்சர்லாந்துக்காரர்கள் தங்கள் ஊர் மாடு ஓட்டும் மெட்டைக் கேட்டால் அழுவார்கள், படையை விட்டு ஓடுவார்கள் என்பதால் அதை வாசிப்பதையே தடை செய்திருந்ததாகச் சிந்தனையாளர் ரூசோ தன் இசை அகராதியில் 1768-இல் எழுதினார். அவர் கூடவே சொன்னது முக்கியம்: அந்த மெட்டில் தனியாக ஒரு சக்தியும் இல்லை, வேற்றாள் கேட்டால் ஒன்றும் ஆகாது, அது வெறும் நினைவுக் குறி.

என் கடையில் அதிகம் விற்றது சினிமாப் பாட்டு என்று நினைப்பீர்கள். பெங்களூர், திருப்பூர் போகிறவர்கள் கேட்டது கூத்துக் கேசட். விடியவிடிய நடக்கும் கர்ண மோட்சத்தை மூன்று கேசட்டில் பதிந்திருந்தேன். ஒருமுறை நுணுக்கம் காட்டுகிறேன் என்று, நாய் குரைப்பதையும் சுண்டல் விற்கிறவர் குரலையும் குழந்தை அழுவதையும் வெட்டிச் சுத்தமாக ஒரு பிரதி எடுத்தேன். வாங்கிப்போனவர் அடுத்த மாதம் விடுப்பில் வந்தபோது கேசட்டைக் கல்லாவில் வைத்தார். "பாட்டு நன்றாக இருக்கிறது, அண்ணா. நாய் இருக்கிற கேசட்டைக் கொடுங்கள்" என்றார். பணம் வாங்காமல் மாற்றிக் கொடுத்தேன். சூழல் இசை என்றால் என்னவென்று எனக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான். ஈனோவை நான் கேட்டது பிறகுதான்.

எனக்கு ஏக்கம் வரவில்லை, தூக்கம்தான் வருகிறது.

தூங்குங்கள். பாயைக் கையோடு கொண்டுவாருங்கள்.

புதிதாகக் கேட்கிறவர் எதிலிருந்து தொடங்கலாம்?

துதுக்கிலிருந்து. இரண்டே குழல், குழப்பம் இல்லை. பிறகு கமாய்ச்சா. அதற்குப் பிறகு மங்கோலியாவை ஒட்டிய, ரஷ்யாவைச் சேர்ந்த துவா பகுதியின் தொண்டைப்பாடல்: ஒரே தொண்டையில் அடியில் ஒரு சுருதியும் மேலே சீழ்க்கைபோல இன்னொன்றும் எழும், காற்றையும் ஓடையையும் அப்படியே குரலில் எடுப்பார்கள். முதல்முறை கேட்டால் சிரிப்பு வரும், பரவாயில்லை. கேமலனைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், பழகாத காதுக்குப் பாத்திரக்கடையில் பூனை புகுந்ததுபோல இருக்கும். எதைக் கேட்டாலும் விளக்கை அணைத்துவிட்டு, குறைந்த ஒலியில்.

நாமே இப்படிப் பதிவு செய்ய முடியுமா?

கையில் இருக்கிற போன் போதும். காற்று படாமல் ஒரு கைக்குட்டையைச் சுற்றி, எங்காவது வைத்துவிட்டு, பத்து நிமிடம் பேசாமல் தள்ளி நில்லுங்கள். பேசாமல் நிற்பதுதான் எல்லாருக்கும் கஷ்டம்.

போன ஆவணியில் எங்கள் கூட்டத்துப் பையன் ஒருவன் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு பதிவு கொண்டுவந்தான். போட்டோம். இலைமேல் தூறல் விழுகிற ஓசை. அடர்த்தியாக, ஓயாமல், இடியும் இல்லாமல் காற்றும் இல்லாமல். ஒருவர் வானத்தைப் பார்த்துவிட்டுக் கொடியில் காயும் துணியை எடுக்க எழுந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "இது எந்தக் காடு? கூட்டிக்கொண்டு போகிறாயா?" என்று கேட்டார். பையன் சிரித்தான். அவன் பெரியப்பாவின் பட்டுப்புழு மனையாம். ஐந்தாம் பருவத்துப் புழுக்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக மல்பெரி இலை தின்கிற சத்தம்.

அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் டவுன் பஸ் ஏறிப் போனோம். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி, பிளீச்சிங் தண்ணீரில் காலை நனைக்க வைத்தார் பெரியப்பா. ஆசிரியர் பூசியிருந்த சென்ட் வாசனைக்கு அவரை வெளியிலேயே நிறுத்திவிட்டார். உள்ளே தட்டுத் தட்டாகப் புழுக்கள், தலையைத் தூக்கியபடி, ஆடாமல் அசையாமல். ஒரு சத்தமும் இல்லை.

"நாலாவது தோலுரிப்பு. இப்போது தின்னாது" என்றார். "நாளை மறுநாள் ராத்திரி வாருங்கள்."